தம்பிஐயா துலக்கிய பல்

மைக் சின்னராசாவின் குரலைப் பற்றி அக்கரப்பத்தனைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நாலு கதை சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் தகராறு.

ஆட்டோவின் கூரையில் புனல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, சாவு, சடங்கு, திருவிழா, வேலைநிறுத்தம் என்று எல்லாவற்றையும் தோட்டம் தோட்டமாக அறிவித்துப் போவது சின்னராசாவின் தொழில். ஒருமுறை கீழ்ப்பிரிவில் காலமான ஒரு பெரியவரின் பெயரை, தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பேரன்மார் கொழும்பில் வேலைக்கு நிற்கும் கடைகளின் பெயர் எல்லாம் சேர்த்து அவர் அறிவித்த அழகில், செத்தவரே கண்ணைத் திறந்து கடைசிவரை கேட்டுவிட்டுத் திருப்தியாக மறுபடி மூடிக்கொண்டார். அந்தச் சாவு வீட்டுக்குப் போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று அந்தக் குரலின் எதிரொலி. மற்ற ஊர்களில் எதிரொலி உடனே திரும்பிவிடும். அவர் இருக்கும் மூணுபாலத் தோட்டத்தின் பனி அப்படி விடாது. சின்னராசா மாலையில் சொன்னது எதிர்மலையில் போய் மோதிவிட்டு, பனிக்குள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, மறுநாள் காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு நேரத்துக்குத்தான் வந்து சேரும். நேற்றுச் செத்தவருக்காக இன்றைக்கும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் உண்டு.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் அவருடைய மச்சான் தம்பிஐயா. சின்னராசாவின் தங்கை நாகலெட்சுமியைக் கட்டியவர். தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற மனிதருக்குக் கையால் பிடித்துப் பார்க்க முடியாத எதிலும் நம்பிக்கை வராது. எதிரொலியைப் பிடித்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே அப்படி ஒன்று இல்லை.

சின்னராசாவின் முன்பல் இரண்டும் போனதற்குக் காரணம் ரோட்டு. ஒரு சாவு அறிவிப்பின்போது ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. குழிக்குள் போன நேரத்தில் அடுத்த ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. மைக்கின் இரும்புத் தலை வந்து வாயில் அடித்தது. அந்தச் சத்தமும் ஒலிபெருக்கியில் போனதால், டிரான்ஸ்போமர் வெடித்துவிட்டதென்று மூன்று தோட்டத்து ஆட்கள் மெழுகுதிரி வாங்கக் கடைக்கு ஓடினார்கள்.

முதலில் கழற்றிப் பூட்டும் தட்டுப் பல்தான் கட்டினார். மாரியம்மன் தேர் புறப்படும் நேரம், மைக்கைப் பிடித்து "அரோகரா" என்று ஓங்கி இழுத்தார். தட்டு வாயை விட்டுக் கிளம்பி, கூட்டத்துக்கு மேலாகப் பறந்து, பூசாரியின் தீபத்தட்டில் போய் இறங்கியது. பூசாரி நல்ல மனிதர். காணிக்கை என்று நினைத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது தெய்வக் குற்றம் என்பதால் அது அங்கேயே தங்கிவிட்டது.

பல் இல்லாமல் சின்னராசா மைக்கில் பேசினால் காற்றுத்தான் வந்தது. காலமான செய்தியைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதன்பிறகுதான் கொழும்பில் வங்கி வேலையில் இருக்கும் அவருடைய மகள் பிரியந்தி, அப்பாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய் இம்ப்ளாண்ட் வைக்க ஏற்பாடு செய்தாள். தாடை எலும்புக்குள் டைட்டேனியம் ஸ்குரூவை இறக்கி, எலும்பு அதைப் பற்றிக்கொண்டதும் மேலே பல்லைப் பூட்டுவது. தோட்டத்தில் அதற்கு ஸ்குரூப் பல் என்று பெயர் வைத்தார்கள். சின்னராசாவின் குரல் திரும்பி வந்தது. எதிரொலியும் திரும்பி வந்தது.

கண்டி டொக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்குரூப் பல்லுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியிருக்கும் முரசு, அதாவது ஈறு, பழுதாகலாம், எலும்பு கரையலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்தவர் கையால் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

முதல் சுத்தத்துக்கு ஹட்டன் டவுனில் இருந்த ஒரு பல் கிளினிக்குக்குத் தம்பிஐயாவும் துணைக்குப் போனார். அங்கே டொக்டர் யசோதினி இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், பேச்சு மெதுவாகவும் கை அதைவிட மெதுவாகவும் இருக்கும்.

"ஆ எண்டு வடிவாத் திறவுங்கோ ஐயா."

சின்னராசா திறந்தார். மைக் இல்லாமலே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சத்தம் வேண்டாம். வாய் மட்டும் போதும்."

தம்பிஐயா மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கவனித்தார். டொக்டர் அளவுக்கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் முரசுக்கும் பல்லுக்கும் நடுவே தொட்டுத் தொட்டு ஆழம் பார்த்தார். பிறகு நுனியில் பிளாஸ்டிக் போட்ட ஒரு கருவியை எடுத்தார். அது தும்பி மாதிரி அதிர்ந்து காரையை உதிர்த்தது. அதன்பின் ஒரு சின்னக் குழாய். அதிலிருந்து காற்றும் தண்ணீரும் மாவு போன்ற ஒரு தூளும் சேர்ந்து பீறிட்டன. தேத்தண்ணீர்க் கறை கண் முன்னால் காணாமல் போனது. கடைசியாகப் பஞ்சு மாதிரித் தடித்த நூலைப் பல்லைச் சுற்றிப் போட்டு, சப்பாத்துத் துடைப்பதுபோல இழுத்து எடுத்தார்.

"இரும்பு ஒண்டும் உதில படக்கூடாது," என்றார் டொக்டர். "டைட்டேனியத்தில கீறல் விழுந்தா, அந்தக் கீறலுக்குள்ள கிருமி குடியிருக்கும். ஊசி, பின், ஒண்டும் விடாதேங்கோ. ஆறு மாதத்தில வாங்கோ. விளங்குதோ?"

"வெளங்குதுங்க," என்றார் தம்பிஐயா. அவரைக் கேட்கவில்லை.

அவருடைய காது அப்போது சுவருக்கு வெளியே இருந்தது. அங்கே கிளினிக்கின் கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வால்வு ஒன்று லேசாகக் காற்று விடுவதைச் சத்தத்திலேயே பிடித்துவிட்டார். கொட்டகலை தாண்டும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"மச்சான், அந்தம்மா என்னா செஞ்சிச்சு? காத்து, தூளு, தண்ணி. நான் தெனமும் ஸ்டோருல செய்யிறதுதானே? எங்கிட்ட இருக்கிறது அதவிடப் பெரிய கொம்பிரசரு."

"ஒங்கிட்ட இருக்கிறதெல்லாம் பெருசுதான்," என்றார் சின்னராசா. "வாயி உட்பட."

அடுத்த முறை ஹட்டனுக்குப் போகவேண்டிய மாதத்தில் மழை பிடித்தது. மழை என்றால் மேலிருந்து விழுவது மட்டுமில்லை. அந்த முறை பக்கவாட்டிலும் பெய்தது, சில இடங்களில் கீழிருந்து மேலேயும் பெய்தது. மலை சரிந்து ரோட்டில் உட்கார்ந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. சின்னராசாவின் பல்லில் தேத்தண்ணீரும் வெற்றிலையும் சேர்ந்து செம்மண் பூசியதுபோல் ஆகிவிட்டது. திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம ஸ்டோருக்கு வா," என்றார் தம்பிஐயா. "நான் பாத்துக்கிறேன்."

நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எங்கண்ணன் வாயி என்னா ஒங்க ரோலர் மேசையா?"

"அதுவும் மெசினுதான்டி. ஸ்குரூ இருக்கா இல்லியா? ஸ்குரூ இருந்தா அது பிட்டர் வேல."

"அப்ப ஒங்க தலைக்கும் ஒரு ஸ்குரூ வச்சு நீங்களே முறுக்கிக்கிங்க."

தம்பிஐயா விளையாட்டாக இறங்கவில்லை. டொக்டர் சொன்னதை யோசித்தார். இரும்பு படக்கூடாது. இது அவருக்குப் புதிய விஷயமில்லை. கொழுந்தை உருட்டும் ரோலர் மேசையில் பித்தளைதான் பதித்திருக்கும். இரும்பு பட்டால் தேயிலையின் நிறமும் குணமும் கெட்டுவிடும். பச்சைக் கொழுந்துக்கே ஆகாத இரும்பு மச்சான் முரசுக்கு எப்படி ஆகும்? அந்தம்மா படித்ததும் தான் அறிந்ததும் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அதனால் ஸ்டோரில் கிடந்த இரும்புத் தூரிகையைத் தொடவில்லை. சந்தைக் கடையில் தேடி, மஞ்சளாய் மின்னும் சின்னப் பித்தளைக் கம்பித் தூரிகை ஒன்றைப் புதிதாக வாங்கினார். கொதிநீரில் போட்டு எடுத்தார். தூளுக்கு அப்பச்சோடா. கொம்பிரசரின் காற்றைச் சின்னப் பிள்ளை ஊதுகிற அளவுக்குக் குறைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், ஓடாத இயந்திரங்களுக்கு நடுவே, சின்னராசா ஒரு தேயிலைப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தார். தம்பிஐயா இடது கைக்காரர். இடது கையில் தூரிகை, வலது கையில் காற்றுக் குழாய். பித்தளை பதித்த மேசையைப் பல வருடம் துலக்கிய கை அது. முரசின் ஓரத்தைத் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்த உலோகம்வரை துலக்கினார்.

"வலிக்குதா?"

"ஆங்."

"ஆமாவா, இல்லையா?"

"ஆங்."

வலியில்லை என்று எடுத்துக்கொண்டார்.

முடிந்தபோது இரண்டு பல்லும் அப்படி மின்னின. சின்னராசா ஸ்டோரை விட்டு வெளியே வந்து சிரித்ததும், பனிக்குள் வந்துகொண்டிருந்த லொறிக்காரன் எதிரே வண்டி வருகிறதென்று தன் விளக்கைத் தாழ்த்திக்கொண்டான். அன்றிலிருந்து தம்பிஐயாவுக்குத் தோட்டத்தில் பல் டொக்டர் என்று பெயர். ஒரு கிழவி தன் கடைசிப் பல்லைக் காட்ட வந்தாள். ஒருவன் தன் நாயைக் கொண்டுவந்தான். கோயில் கமிட்டி குத்துவிளக்கை அனுப்பியது. குத்துவிளக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருடத் திருவிழாவில் சின்னராசாவின் குரல் எப்போதையும்விட நன்றாக இருந்தது. தேர் நிலைக்கு வந்ததும் மைக்கை விடாமல் சொன்னார்:

"இந்த வாய் இன்றைக்கு உங்கள் முன்னால் பேசுகிறதென்றால், மலை சரிந்து வழி அடைபட்ட நேரத்தில் எனக்கு வழி செய்து கொடுத்த என் அன்பு மச்சான், ஸ்டோர் பிட்டர் தம்பிஐயா அவர்களுக்கே அந்த நன்றி உரியது."

சனம் கை தட்டியது. தம்பிஐயா வெற்றிலை துப்பும் சாக்கில் தேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கெடுதல் அந்த நன்றியோடுதான் தொடங்கியது என்று தம்பிஐயா பிறகு நினைப்பதுண்டு. ரோட்டைத் திறந்தார்கள், பஸ் ஓடியது. சின்னராசா கிளினிக்குக்குப் போகவில்லை.

"என்னாத்துக்கு மச்சான் அவ்ளோ தூரம்? நீதான் இருக்கியே."

அந்த வார்த்தை தம்பிஐயாவுக்கு இனித்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் துலக்கினார். அதற்குப் பிறகும் ஒருமுறை. பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதென்று சின்னராசா சொன்னார். "ஓடுற மெசினுன்னா கொஞ்சம் எண்ண கசியத்தான் செய்யும்" என்றார் தம்பிஐயா. வாய் நாறுகிறதென்று நாகலெட்சுமி சொன்னாள். வெற்றிலையைக் குறைக்கச் சொன்னார். முரசு வீங்கியது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது.

மழைக்காலம் மறுபடி வந்தபோது, ஒரு கல்யாண அறிவிப்பின் நடுவே சின்னராசா நின்றுவிட்டார். இடப் பக்கத்துப் பல் நாக்குக்கு ஆடியது.

ஹட்டனில் டொக்டர் யசோதினி படம் எடுத்துப் பார்த்தார். ஸ்குரூவைச் சுற்றி இருக்கவேண்டிய எலும்பு, மழையில் கரைந்த ரோட்டோரம்போல இறங்கியிருந்தது.

"இவ்வளவு நாளும் எங்க போனனீங்கள்?"

சின்னராசா கூரையைப் பார்த்தார்.

டொக்டர் ஆடிய ஸ்குரூவைக் கழற்றி எடுத்தார். அதற்குப் பெரிய பாடு படவில்லை. அதுவே வருத்தமான விஷயம். கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது முழுக்கக் கீறல். ஐயா, இதை ஆர் செய்தது?"

தம்பிஐயாவும் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் அந்தச் சின்ன உலோகம் பெரிதாகத் தெரிந்தது. கழுத்திலும் அதற்குக் கீழே புரியிலும் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே சரிவில். வலது கைக்காரன் இழுத்தால் ஒரு பக்கம் சரியும். இடது கைக்காரன் இழுத்தால் மறுபக்கம். ஆயிரம் இயந்திரத்துக்கு நடுவே தன் கை பட்ட இரும்பைப் பிட்டருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது.

ஆனால் பித்தளை கீறாதே என்றுதான் முதலில் நினைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிந்திவிட்டது.

"நான்தாங்க டொக்டர்," என்றார் சின்னராசா. உதடு மரத்துப்போய், குரல் பாதிதான் வந்தது. "ஊசியால குத்திக் குத்திச் சுரண்டினேங்க. வெத்தலச் சக்க அடையுதுன்னு."

தம்பிஐயா மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ! சின்னப் பிள்ளையள் மாதிரி..." டொக்டர் நன்றாகத் திட்டினார். ஊருக்கே அறிவிப்புச் செய்கிற மனிதர், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டொக்டர் அடங்கி, மற்றப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். "இது இன்னும் ஆடேல்லை. ஊசி எண்டா அந்த ஒரு பல்லிலதான் பட்டிருக்கும். முரசை வெட்டித் திறக்கத் தேவையில்லை. மேலால துப்பரவாக்கி மருந்து வைக்கிறன். வேற ஒண்டும் போட்டுத் தேய்க்கேல்லையே? சொன்னாத்தான் நான் அதுக்கேத்த மாதிரிச் செய்யலாம்."

"வேற ஒண்ணும் இல்லீங்க," என்றார் சின்னராசா.

தம்பிஐயாவைப் பல் டொக்டர் என்றுதான் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவர் விடாமல் சொல்வார்கள். இப்போது இந்தம்மாவுக்கு உண்மை தெரிந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா கையுறையைக் கழற்றிவிட்டார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். கிளினிக்கில் கொம்பிரசரின் வால்வு அன்றைக்கும் காற்று விட்டுக்கொண்டிருந்தது. தம்பிஐயா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கரப்பத்தனையில் இறங்கும்போது சின்னராசா மட்டும் சொன்னார்:

"ஒம் பேரு ஏன் மச்சான் கெடணும்? எனக்குத்தான் பல்லு போயிருச்சு."

மறுநாள் தம்பிஐயா ஸ்டோருக்குப் போனதும் தன் பெட்டியிலிருந்து அந்தத் தூரிகையை எடுத்தார். அரைத்த தேயிலை சலிப்பதற்குப் போகும் வழியில் காந்தம் ஒன்று தொங்கும். தூளுக்குள் தப்பித் தவறி ஆணி, கம்பித் துண்டு இருந்தால் இழுத்துக்கொள்ளும். அதை வாரா வாரம் துடைப்பது அவர்தான். தூரிகையைக் காந்தத்துக்குக் கீழே நீட்டினார். பித்தளையானால் சும்மா இருக்கவேண்டும்.

டக் என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

மேலே மஞ்சள் முலாம். உள்ளே இரும்புக் கம்பி. யாரோ எங்கோ செய்து சந்தைக்கு அனுப்பிய ஏமாற்று. ஆனால் தம்பிஐயாவுக்கு அந்த யாரோமேல் கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க எதையும் சோதிக்காமல் நம்பாதவர் அவர். எதிரொலியைக்கூட நம்பாதவர். மச்சான் வாய்க்குள் விடுவதற்கு முன்னால், தலைக்கு மேலே தொங்குகிற காந்தத்தில் ஒரு தரம் காட்டியிருக்கலாம். கையை உயர்த்தினால் எட்டும் உயரம்.

அந்தக் கிழமையே ஹட்டனுக்குப் போனார். தனியாக. டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தூரிகையையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார். கிளினிக் பூட்டியிருந்தது. தைப்பொங்கலுக்கு டொக்டர் ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பூட்டைக் கண்டதும் தம்பிஐயாவின் மனதில் முதலில் வந்தது நிம்மதி. பிறகு எத்தனையோ விஷயத்தை அவர் தனக்கு மன்னித்துக்கொண்டார். அந்த நிம்மதியை மன்னிக்கவில்லை. அடுத்த கிழமை போகலாம் என்று திரும்பினார். அடுத்த கிழமை ஸ்டோரில் வேலை. அதற்கடுத்த கிழமை ஒரு காது குத்து. போகாமல் இருப்பதற்கு மனிதனுக்குக் காரணம் கிடைக்கிற வேகத்தில் பஸ் கிடைத்தால், மலைநாட்டில் யாரும் ரோட்டோரம் நிற்கவேண்டியிருக்காது.

மாசி பிறந்தபோது மற்றப் பல்லும் ஆடியது.

இந்த முறை சின்னராசா நாற்காலியில் ஏறியதும், டொக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே தம்பிஐயா காகிதச் சுருளை அவிழ்த்துத் தட்டில் வைத்தார்.

"ஊசி இல்லீங்க டொக்டர். இதுதான். செஞ்சது நான். பித்தளைன்னு நெனச்சேன். இரும்பு."

டொக்டர் தூரிகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த சின்னராசா எழும்ப முயன்றார்.

"ஏன் மச்சான் சொன்ன? இவ்ளோ நாளு காப்பாத்தி வச்சிருந்தேனே!"

டொக்டர் திட்டுவார் என்று தம்பிஐயா எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தா," என்றார் டொக்டர் மெதுவாக, "மற்றப் பல்லின்ர முரசைத் திறந்து, உள்ளுக்க முழுக்கத் துப்பரவாக்கி, கீறலை மினுக்கி விட்டிருப்பன். அது நிண்டிருக்கும். இப்ப அங்கயும் எலும்பு இல்லை. இனி உடன ஒரு ஸ்குரூவும் இறக்கேலாது." கையுறையை மாட்டிக்கொண்டார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தினீங்கள். பல்லை ஒருத்தரும் காப்பாத்தேல்லை."

அந்த வருடத் திருவிழாவுக்குச் சின்னராசா மைக் பிடிக்கவில்லை. தட்டுப் பல் கட்டச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒன்று அம்மன் காலடியில் இருக்கிறது, தாயிடம் போட்டிக்குப் போகமாட்டேன் என்றார். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான வினோஜன் என்ற இளைஞனுக்குக் கூட்டத்தின் முன்னால் பேச வராது. ஆனால் போன வருடம் சின்னராசா பேசியது முழுவதையும் தன் போனில் பிடித்து வைத்திருந்தான். அதையே போட்டுவிட்டான்.

அறிவிப்பாளர் இல்லாத திருவிழாவில் அறிவிப்புக்குக் குறைவில்லை. "மஞ்சள் சட்டை போட்ட ஆண் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது, தாய் உடனே கோயில் வாசலுக்கு வரவும்" என்று குரல் கூப்பிட்டது. போன வருடத்துத் தாய், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே, பிள்ளையைத் தேடிக் கோயில் வாசலுக்கு ஓடினாள். போன வருடம் தொலைந்த செருப்புகளைக் கேட்டுப் புதிதாக நாலுபேர் வந்தார்கள். சனம் சிரித்துச் சிரித்து மகிழ்ந்தது.

சின்னராசா தேர்முட்டிக்கு ஓரமாக, துவாயால் வாயை மூடிக்கொண்டு நின்றார். தம்பிஐயா பக்கத்தில் நின்றார். அடுத்து என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

"இந்த வாய் இன்றைக்கு உங்கள் முன்னால் பேசுகிறதென்றால்..."

தம்பிஐயா ஒயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். எங்கே இழுத்தால் எது நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒயரப் புடுங்கவா மச்சான்?"

சின்னராசா துவாயை விலக்காமலே தலையை ஆட்டினார். துவாய்க்குள்ளிருந்து வந்த சத்தம் தெளிவாக இல்லை. காற்றுப் பாதி, பேச்சுப் பாதி. ஆனாலும் தம்பிஐயாவுக்குப் புரிந்தது.

"வுடு. நல்லாத்தான பேசுறான்."

குரல் தம்பிஐயாவின் பெயரை முழுசாகச் சொல்லி முடித்தது. போன வருடத்துக் கைதட்டலும் போனில் இருந்தது. இந்த வருடத்துச் சனம் ஒன்றிரண்டு பேர் பழக்கத்தில் சேர்ந்து தட்டினார்கள். பிறகு, பல் போன கதை தெரிந்தவர்களாய், தம்பிஐயாவின் பக்கம் பார்த்து, கையை இறக்கிக்கொண்டார்கள். நாகலெட்சுமி அண்ணனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வழக்கமான சூட்டில் இல்லை, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். புருஷனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

மறுநாள் காலையில் தம்பிஐயா வழக்கம்போல ஸ்டோருக்குக் கிளம்பினார். ஒலிபெருக்கியெல்லாம் கழற்றியாகிவிட்டது. வினோஜன் தூங்கிக்கொண்டிருந்தான், போன் அவன் தலைமாட்டில் அணைந்து கிடந்தது, இதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான். பனி அப்படி இறங்கியிருந்தது, முன்னால் போகிறவரின் தலை மட்டும் தனியாக மிதந்துபோனது. பெரட்டுக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டே அவரைக் கடந்து போனார்கள். அவர்கள் சத்தம் அடங்கியது.

அப்போது எதிர்மலைப் பக்கமிருந்து, யாரோ வழி தவறி இப்போதுதான் கண்டுபிடித்து வந்ததுபோல, மெல்லப் புறப்பட்டு வந்தது.

"...எனக்கு வழி செய்து கொடுத்த என் அன்பு மச்சான்..."

தம்பிஐயா நின்றார். கையில் பிடித்துப் பார்க்க எதுவும் இல்லை. இருந்தாலும் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அது முழுவதும் வந்து சேரும்வரை, பனிக்குள் நின்று கேட்டார்.